சுண்டெலிக்கு ஸ்ட்ரோக்

சுண்டெலிக்கு லேசில் பக்கவாதம் வராது. வரவழைக்கிறார்கள். மயக்கம் கொடுத்து, கழுத்து ரத்தக்குழாய் வழியே நுனி மழுங்கிய நைலான் இழையை மூளை வரை நுழைத்து, ஒரு மணி நேரம் போல அடைத்துவிட்டு உருவுவார்கள். 1986-ல் ஜப்பானில் பெரிய எலிக்குச் செய்த முறை. எழுந்ததும் பாவம், ஒரே பக்கமாக வட்டமடிக்கும்.

2006-ல் மெல்போர்ன் ஆராய்ச்சியாளர்கள் கணக்கெடுத்தார்கள் (பி.காம். படித்த நமக்கு இதுதான் டிபார்ட்மென்ட்!). பரிசோதித்த சிகிச்சைகள் 1,026. மனிதர் வரை வந்தவை 114. எலியைக் காப்பாற்றிய பல மருந்துகள் நம்மிடம் பல்லிளித்தன. பின்னே? பெரும்பாலும் அவை இளவட்ட ஆண் எலிகள். பி.பி., ஷுகர் கிடையாது.

எங்க பெரியப்பாவுக்கு 68 வயசு, ரெண்டும் உண்டு. கை மரத்ததும் யாரிடமும் சொல்லாமல் தைலம் தேய்த்துப் படுத்துவிட்டார். கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. ஆஸ்பத்திரிக்குப் போனது மறுநாள்.

இப்போது வயசான, பி.பி. உள்ள எலிகளிலும் சோதிக்கிறார்கள் என்றேன்.

"அதுக்காவது சீக்கிரம் ஊசி போடச் சொல்லுடா" என்றார்.