காவலர் கைதாகிறார், அதிகாரி மாற்றப்படுகிறார்... போலீஸ் மீது நம்பிக்கை ஏன் வரவில்லை?

‘காவல்துறை உங்கள் நண்பன்’. இந்த வாசகத்தைப் படிக்காதவர் தமிழ்நாட்டில் குறைவு. ஆனா, செல்போன் தொலைந்துபோனதற்குப் புகார் கொடுக்கவே “ஸ்டேஷன்ல தெரிஞ்ச ஆள் யாராவது இருக்காங்களா?” என்று நாலு பேரிடம் கேட்டுவிட்டுத்தான் நாம் படியேறுகிறோம். நண்பன் வீட்டுக்குப் போக யாரும் சிபாரிசு தேடுவதில்லை.

இந்தப் பயத்துக்குக் காரணம் ஒன்றிரண்டு ‘மோசமான போலீஸ்காரர்கள்’தான் என்று ஒவ்வொரு சம்பவத்துக்குப் பிறகும் சொல்லப்படுகிறது. உண்மையில் பிரச்னை லத்தியைப் பிடித்திருக்கும் காவலரோடு முடிந்துவிடுகிறதா? அவருக்கு மேலே இருக்கும் அதிகாரிகள் எப்படி நடந்துகொள்கிறார்கள், யாருக்குப் பதில் சொல்கிறார்கள் என்பதைப் பார்த்தால்தான் விஷயம் புரியும்.

திருப்புவனத்தில் நடந்தது என்ன?

சிவகங்கை மாவட்டம் மடப்புரம் பத்ரகாளியம்மன் கோயிலில் காவலாளியாக இருந்தார் அந்த இளைஞர். கோயிலுக்கு வந்தவர்களின் காரில் இருந்த நகையைக் காணவில்லை என்று புகார். சந்தேகம் அவர் மீது. திருப்புவனம் போலீசார் விசாரித்ததோடு நிற்கவில்லை. சீருடை இல்லாத தனிப்படை ஒன்று அவரைத் தன் பொறுப்பில் எடுத்தது. 2025 ஜூன் 28-ம் தேதி அவர் உயிரிழந்தார். உடலில் 44 காயங்கள் இருந்ததாக உடற்கூராய்வு அறிக்கை சொன்னது. கோயிலுக்குப் பின்புறம் அவரை அடிக்கும் காட்சியை, மறைவாக இருந்து ஒருவர் செல்போனில் எடுத்திருந்தார். அந்த வீடியோ மட்டும் இல்லையென்றால் இந்த வழக்கு எந்தப் பக்கம் போயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

பிறகு நடந்தவை வேகமாக நடந்தன. 5 காவலர்கள் கைது. மானாமதுரை டி.எஸ்.பி. சஸ்பெண்ட். சிவகங்கை எஸ்.பி. காத்திருப்போர் பட்டியலுக்கு மாற்றம். முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் குடும்பத்தினரிடம் போனில் மன்னிப்புக் கேட்டார், வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது.

இதற்கிடையே உயர் நீதிமன்ற மதுரைக் கிளை கேட்ட ஒரு கேள்விதான் முக்கியமானது. எஃப்.ஐ.ஆர். இல்லாமல், யாருடைய உத்தரவின் பேரில் தனிப்படை இந்த விசாரணையைக் கையில் எடுத்தது?

‘யார் சொன்னது?’ என்ற கேள்வி ஏன் முக்கியம்?

ஸ்டேஷன் என்றால் ஒரு கணக்கு உண்டு. பொது நாட்குறிப்பு இருக்கும், வந்து போனவர் விவரம் இருக்கும், இன்ஸ்பெக்டர் பொறுப்பில் இருப்பார், சி.சி.டி.வி. இருக்கும். டி.எஸ்.பி., எஸ்.பி. அளவில் வைத்துக்கொள்ளும் தனிப்படைகளுக்கு இந்தக் கணக்கெல்லாம் கிடையாது. அவர்கள் அழைத்துப் போகும் இடம் ஸ்டேஷனாகவே இருக்கவேண்டியதில்லை. திருப்புவனம் வழக்கிலும் வீடியோவில் தெரிந்த இடம் ஸ்டேஷன் இல்லை.

அப்புறம் ஏன் இப்படிப் படைகளை வைத்துக்கொள்கிறார்கள்? வேலை சீக்கிரம் முடியும் என்பதால்தான். நகைத் திருட்டு என்றால் மேலிருந்து வரும் முதல் கேள்வி “ரெக்கவரி ஆச்சா?” என்பது. “எப்படி ஆச்சு?” என்று இரண்டாவது கேள்வி வராதபோது, கீழே இருப்பவருக்கு அதுவே அனுமதி. எழுத்தில் எந்த உத்தரவும் இருக்காது. நாளை வழக்கு வந்தால், கையெழுத்து இல்லாத அந்த உத்தரவுக்கு லத்தி பிடித்தவர் மட்டும்தான் பொறுப்பு.

சம்பவத்துக்குப் பிறகு, அனுமதியில்லாத தனிப்படைகளைக் கலைக்க அப்போதைய டி.ஜி.பி. சங்கர் ஜிவால் உத்தரவிட்டார். தேவையான உத்தரவுதான். ஆனா, அனுமதியில்லாத படைகள் இத்தனை நாள் யாருடைய கண்ணுக்கும் தெரியாமலா இருந்தன?

சில இடங்களில் குற்றச்சாட்டு அதிகாரி மீதே வருகிறது. அம்பாசமுத்திரத்தில் விசாரணைக்கு அழைத்து வரப்பட்டவர்களின் பற்களைப் பிடுங்கியதாக 2023-ல் புகார் எழுந்தது, அங்கே ஏ.எஸ்.பி.யாக இருந்த இளம் ஐ.பி.எஸ். அதிகாரி மீது. சஸ்பெண்ட் செய்யப்பட்டார், சி.பி.சி.ஐ.டி. வழக்குப் பதிந்தது, பின்னர் சஸ்பெண்ட் ரத்தும் ஆனது.

ஒரு சின்ன இடைச்செருகல். ‘விசாரிப்பது’ என்ற சொல்லை நாம் வீட்டில் எப்படிப் பயன்படுத்துகிறோம்? “அம்மாவை விசாரிச்சதா சொல்லுங்க” என்கிறோம். அன்பாக நலம் கேட்பதுதான் அதன் பொருள். அதே சொல் ஸ்டேஷன் வாசலைத் தாண்டியதும் வயிற்றைக் கலக்குகிறது.

சாத்தான்குளத்தில் பேசிய ஒரே ஒருவர்

2020 ஜூன் 19. ஊரடங்கு நேரத்தைத் தாண்டிக் கடையைத் திறந்து வைத்திருந்ததாகச் சொல்லி, செல்போன் கடை நடத்திய தந்தையும் மகனும் சாத்தான்குளம் ஸ்டேஷனுக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். கோவில்பட்டி கிளைச் சிறையில் அடைக்கப்பட்ட இருவரும் 22, 23 தேதிகளில் அடுத்தடுத்து இறந்தார்கள். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தானாக முன்வந்து வழக்கை எடுத்தது.

விசாரிக்கப் போன நீதித்துறை நடுவர் தந்த அறிக்கையை, காவல்துறைத் தலைமையைப் பற்றிப் பேசும் எவரும் ஒருமுறை படிக்க வேண்டும். சி.சி.டி.வி. பதிவுகள் தினமும் தானாக அழியும்படி செட் செய்யப்பட்டிருந்தன. சேமித்து வைக்க 1 டெராபைட் அளவுக்கு இடம் இருந்தும் அப்படி. நடுவரையே ஒரு காவலர் மரியாதையில்லாமல் பேசினார். லத்திகளைக் கேட்டால் உடனே கொடுக்கவில்லை. அங்கே இருந்த ஏ.டி.எஸ்.பி., டி.எஸ்.பி. ஆகியோர் மீதும் அந்தக் காவலர் மீதும் நீதிமன்ற அவமதிப்பு நடவடிக்கை எடுக்கும் நிலை வந்தது. கடைசியில் அந்த ஸ்டேஷனையே வருவாய்த்துறையின் கட்டுப்பாட்டில் ஒப்படைக்கச் சொன்னது நீதிமன்றம்.

அதே ஸ்டேஷனில் ஒரு பெண் தலைமைக் காவலர் மட்டும் வாய் திறந்தார். விடிய விடிய அடித்தார்கள், லத்தியிலும் மேஜையிலும் ரத்தக்கறை இருந்தது என்று நடுவரிடம் சொன்னார். சொல்லும்போதே பயந்தார். வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடத் தயங்கினார். அவருக்கும் குடும்பத்துக்கும் பாதுகாப்பு கொடுக்க நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. யாரிடமிருந்து பாதுகாப்பு? கூட வேலை பார்த்தவர்களிடமிருந்து.

அந்த இரவில் அவர் போன் செய்து “சார், இங்க தப்பு நடக்குது” என்று சொல்வதற்கு நம்பிக்கையான ஒரு மேலதிகாரி இருந்திருந்தால்? இந்தக் கேள்விக்கு எந்தக் குற்றப்பத்திரிகையும் பதில் சொல்லாது. சி.பி.ஐ. 2020 செப்டம்பரில் 9 காவல்துறையினர் மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. இன்ஸ்பெக்டருக்கு மேலே யாரும் அதில் இல்லை.

வீட்டு வேலைக்குக் காவலர்

பொதுமக்களிடம் மரியாதையாகப் பேசுங்கள் என்று காவலர்களுக்குப் பயிற்சி வகுப்புகள் நடக்கின்றன. நல்லதுதான். ஆனா அந்தக் காவலரிடம் அவருடைய அதிகாரி எப்படிப் பேசுகிறார்?

ஆர்டர்லி முறையை எடுத்துக்கொள்ளுங்கள். உயரதிகாரிகளின் வீட்டில் சமைக்க, துணி துவைக்க, நாயைக் கூட்டிப்போகக் காவலர்களைப் பயன்படுத்தும் பழக்கம் இது, வெள்ளைக்காரன் காலத்துச் சொத்து. தமிழ்நாட்டில் 1979-லேயே இதை ஒழித்து அரசாணை போட்டாச்சு. ஆனாலும் 2022-ல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி எஸ்.எம்.சுப்பிரமணியம் மறுபடி கண்டித்து, 4 மாதத்துக்குள் முழுமையாக ஒழிக்கச் சொல்ல வேண்டிய நிலை. நடுவே 43 வருஷம்!

வார விடுமுறையும் அப்படித்தான். காவலர்களுக்கு வாரம் ஒரு நாள் ஓய்வு என்று 2021-ல் அறிவிப்பு வந்தபோது பலர் கொண்டாடினார்கள். திருவிழா, வி.ஐ.பி. வருகை, பந்தோபஸ்து என்று எது வந்தாலும் முதலில் பறிபோவது அந்த ஓய்வு நாள்தான். தூங்காமல், வீட்டுக்குப் போகாமல், மைக்கில் திட்டு வாங்கிக்கொண்டு நிற்கிற ஒருவர், புகார் கொடுக்க வரும் பெரியவரிடம் “உட்காருங்கய்யா” என்று சொல்வார் என எதிர்பார்க்கிறோம். இது அடிப்பதற்கு நியாயம் ஆகாது. ஆனால் மேலே மரியாதை இல்லாத இடத்தில், அது கீழே மட்டும் எப்படி வரும்?

வட அயர்லாந்து செய்தது என்ன?

நம்பிக்கை அடியோடு போன ஒரு காவல்துறையைத் திருத்த முடியுமா என்ற கேள்விக்கு உலகம் அடிக்கடி காட்டும் உதாரணம் வட அயர்லாந்து. நம் ஊர்ப் பிரச்னையும் அவர்களுடையதும் வேறு வேறு. அங்கே கத்தோலிக்கர், புராட்டஸ்டன்ட் மோதல் 30 ஆண்டுகள் நீடித்தது. மக்கள்தொகையில் 40 சதவீதத்துக்கு மேல் கத்தோலிக்கர்கள், போலீசில் அவர்கள் சுமார் 8 சதவீதம். ஆனா ‘அதிகாரி யாருக்குப் பதில் சொல்வது?’ என்ற விஷயத்தில் அவர்கள் எடுத்த முடிவு நமக்கும் பொருந்தும்.

1998 அமைதி ஒப்பந்தத்துக்குப் பிறகு கிறிஸ் பேட்டன் தலைமையில் ஒரு ஆணையம் 175 பரிந்துரைகளைத் தந்தது. 2001 நவம்பரில் காவல்துறையின் பெயரே மாறியது. புதிய ஆட்களைப் பாதிக்குப் பாதி என்று எடுத்தார்கள், 10 ஆண்டுகளில் கத்தோலிக்கர் பங்கு 30 சதவீதத்தை நெருங்கியது. பலரும் இதைத்தான் பேசுவார்கள்.

அதைவிட முக்கியம் பேட்டன் ஆணையம் மாற்றச் சொன்ன ஒரு சொல். காவல்துறைத் தலைவருக்கு ‘செயல்பாட்டுச் சுதந்திரம்’ என்று சொல்லி வந்ததை, ‘செயல்பாட்டுப் பொறுப்பு’ என்று ஆக்கச் சொன்னது. முடிவெடுக்கும்போது அரசியல்வாதி தலையிடக் கூடாது. முடிவெடுத்த பிறகு, ஏன் அப்படிச் செய்தேன் என்று சொல்ல மாட்டேன் என்று அதிகாரி தப்பிக்கவும் கூடாது. இதற்காக 19 பேர் கொண்ட காவல் வாரியம் அமைத்தார்கள். காவல்துறைத் தலைவர் அதன் முன் வந்து, பொதுமக்களும் பார்க்கும் கூட்டங்களில் பதில் சொல்ல வேண்டும்.

கூடவே, போலீஸ் மீதான புகாரைப் போலீசே விசாரிக்காமல், தனக்கென விசாரணையாளர்களை வைத்திருக்கும் குறைதீர்ப்பாளர் அலுவலகம். அதன் முதல் தலைவர் நூலா ஓ'லோன். 29 பேர் இறந்த ஓமா குண்டுவெடிப்பைப் பற்றி 2001 டிசம்பரில் அவர் தந்த அறிக்கை, கீழ்மட்டக் காவலர்களோடு நிற்கவில்லை. காவல்துறைத் தலைவரின் தலைமையும் முடிவுகளுமே தவறு என்று எழுதியது. அவர் கோபமாக மறுத்தார், பெரிய சண்டை நடந்தது. மக்கள் அதைப் பார்த்தார்கள். பதவியில் இருக்கும் உச்ச அதிகாரியையே கேள்வி கேட்கும் அலுவலகம் தங்களுக்கு இருக்கிறது என்று தெரிந்துகொண்டார்கள். நீண்ட காலம் போலீசை ஏற்க மறுத்த சின் ஃபெயின் கட்சியே 2007 ஜனவரியில் ஆதரவு தர முடிவெடுத்தது. எல்லாம் சரியாகிவிட்டது என்று இன்றும் யாரும் அங்கே சொல்லவில்லை.

தமிழ்நாட்டில் அப்படி அமைப்பே இல்லையா?

இருக்கிறது, பெயரளவில். பிரகாஷ் சிங் வழக்கில் 2006-ல் உச்ச நீதிமன்றம் 7 உத்தரவுகளைப் போட்டது. அதில் ஒன்று, போலீஸ் மீதான புகார்களுக்குத் தனி ஆணையம். மாநில அளவில் ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற அல்லது உச்ச நீதிமன்ற நீதிபதி, மாவட்ட அளவில் ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி தலைமை தாங்க வேண்டும் என்றது.

தமிழ்நாடு 2013-ல் காவல் சீர்திருத்தச் சட்டம் கொண்டுவந்தது. அதில் மாநில ஆணையத்துக்குத் தலைவர் உள்துறைச் செயலாளர், டி.ஜி.பி. உறுப்பினர். மாவட்டத்தில் கலெக்டர் தலைவர், எஸ்.பி. உறுப்பினர். அதாவது, எஸ்.பி.யின் கீழ் இருக்கும் ஸ்டேஷன் மீது நீங்கள் புகார் கொடுத்தால் அதே எஸ்.பி. உட்கார்ந்து கேட்பார். இதை எதிர்த்து வழக்குகள் போடப்பட்டதில் ஆச்சரியமில்லை.

‘நண்பர்’ திட்டமும் நம்மிடம் இருந்தது. 1993-ல் ராமநாதபுரத்தில் எஸ்.பி.யாக இருந்த பிரதீப் வி.பிலிப் தொடங்கிய ‘ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் போலீஸ்’ வெளிநாடு வரை பேசப்பட்டது. சாத்தான்குளம் சம்பவத்தில் அதன் தன்னார்வலர்கள் மீதும் புகார் வந்ததும், 2020 ஜூலையில் அரசே தடை போட்டது. நல்ல எண்ணத்தில் தொடங்கிய திட்டம்தான். ஆனால் தவறு நடந்தால் யார் பதில் சொல்வது என்ற ஏற்பாடு இல்லாமல், மக்களை ஸ்டேஷனுக்குள் கொண்டுவந்தால் லத்திகளின் எண்ணிக்கைதான் கூடும்.

உடனே செய்யக்கூடியவை பெரிய செலவில்லாதவை. ஸ்டேஷன் சி.சி.டி.வி. ஆடியோவோடு இருக்க வேண்டும், 18 மாதப் பதிவு இருக்க வேண்டும் என்று 2020 டிசம்பரிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒரு எஸ்.பி. திடீரென்று ஸ்டேஷனுக்குப் போய் “போன மாசம் 10-ம் தேதி ராத்திரிப் பதிவைப் போடு” என்று கேட்டால் போதும். அந்தச் செய்தி மாவட்டம் முழுக்க ஒரே நாளில் பரவிவிடும்.

உங்களை விசாரணைக்குக் கூப்பிட்டால்?

இது தெரிந்திருக்கட்டும். பெண்கள், 15 வயதுக்குக் கீழ், 60 வயதுக்கு மேல் இருப்பவர்கள், மாற்றுத்திறனாளிகள், கடும் நோயாளிகள் ஆகியோரைச் சாட்சி விசாரணைக்காக ஸ்டேஷனுக்கு வரச்சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. அவர்கள் இருக்கும் இடத்துக்கு வந்துதான் விசாரிக்க வேண்டும் என்கிறது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். கைது என்றால் காரணம் சொல்ல வேண்டும், குடும்பத்துக்குத் தகவல் தர வேண்டும், 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும். நடுவர் கேட்கும்போது அடித்தார்களா, காயம் உண்டா என்று வாய்விட்டுச் சொல்வது முக்கியம். அது பதிவாகும்.

போலீஸ் அத்துமீறல் பற்றி மாநில மனித உரிமைகள் ஆணையத்தில் புகார் தரலாம், வக்கீல் கட்டாயமில்லை. சம்பவம் நடந்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். அதற்குப் பிறகு வரும் புகாரை ஆணையம் எடுத்துக்கொள்ளச் சட்டத்தில் இடமில்லை.