ஊசி ஒன்று, அட்டை இரண்டு



அமெரிக்காவில் ஒரே தெருவில் வாழும் இரு சிறுவர்களை எண்ணிப் பாருங்கள். ஒருவனுக்குத் தந்தையின் நிறுவனம் தந்த தனியார் காப்புறுதி. மற்றவனுக்கு ஏழைகளுக்கான அரசுக் காப்புறுதியாகிய மெடிக்கெய்ட். சளிக்காய்ச்சல் தடுப்பூசிக்காக இருவரும் பக்கத்து மருந்தகத்திற்குச் செல்கின்றனர். முதலாமவன் ஊசி போட்டுக்கொண்டு திரும்புகிறான். மற்றவனை மருத்துவரிடம் போகச் சொல்கிறார்கள். பல மருந்தகங்களில் இதுவே நடைமுறை. மருந்தாளருக்குக் கை நடுங்குகிறதா? இல்லை, கணக்கு எழுத வழியில்லை!

1989 முதல் 1991 வரை அந்நாட்டில் தட்டம்மை பரவி 55,000 பேருக்கு மேல் நோயுற்றனர்; 120 பேருக்கு மேல் மாண்டனர். அதன் விளைவாக 1993இல் சட்டமியற்றி, 1994இல் குழந்தைகளுக்கான தடுப்பூசித் திட்டத்தைத் தொடங்கினர். அரசே மருந்தை வாங்கி, பதிந்துகொண்டவர்களுக்கு இலவசமாக அனுப்புகிறது. நல்ல திட்டந்தான், நாட்டுப் பிள்ளைகளில் ஏறத்தாழப் பாதிப்பேர் அதற்குத் தகுதியுடையவர்கள். ஆனால் மருந்தகம் பதிந்துகொள்ள வேண்டுமே! இலவச மருந்துக்கும் விற்பனை மருந்துக்கும் தனித்தனிக் கணக்கு, குளிர்பெட்டியின் வெப்பநிலைக்கு இடைவிடாத பதிவு; இத்தனைக்கும் ஊசி போடும் கூலிக்கு உச்சவரம்பு வேறு. பதிந்த மருந்தகங்கள் மிகச் சில என்பதில் என்ன வியப்பு?

மருந்தகத்தில் ஊசி போட்டால் பிள்ளையின் வளர்ச்சியைப் பார்க்கும் ஆண்டுப் பரிசோதனை விடுபட்டுப் போகும் என்கின்றனர் குழந்தை மருத்துவர்கள். நியாயமான கவலை. ஆனால் அக்கவலை தனியார் அட்டை வைத்திருக்கும் பிள்ளைக்கு மட்டும் ஏன் தடையாகவில்லை? 2020 ஆகஸ்டில், 3 முதல் 18 வயது வரையுள்ளோருக்கு மருந்தாளர்கள் ஊசி போட நடுவணரசு இசைவளித்தபோது, அப்பரிசோதனையின் தேவையைப் பெற்றோருக்கு எடுத்துரைக்கவும் பணித்தது. இசைவு வந்தது; பணம் தரும் வழிதான் சீராகவில்லை.

முதியோருக்கு எப்படி முடிந்தது? மெடிக்கேர் மருந்துக் காப்புறுதி உள்ளவர்கள் 2023 முதல் அக்கித் தடுப்பூசிக்குக் காசு தர வேண்டியதில்லை. மருந்தகமே நேரடியாகக் கணக்கு அனுப்பிப் பணம் பெறுகிறது. முதியோருக்கு வாக்குச்சீட்டு உண்டு. ஏழு வயதுப் பிள்ளைக்கு ஏது? (நம் பள்ளிகளில் முதலாம் ஆண்டு மாணவர்க்கு ஊசி போட வரும் சுகாதாரக் குழுவினர், எந்தத் தகப்பனின் அட்டையையும் கேட்பதில்லை.)

அரை நாள் கூலியை இழந்தால்தான் பிள்ளையை மருத்துவரிடம் அழைத்துச் செல்ல முடியும் என்னும் தாய்க்கு, இரவிலும் திறந்திருக்கும் மருந்தகமே கைக்கெட்டிய இடம். மருத்துவருக்குத் தரும் அதே கூலியை மெடிக்கெய்ட் மருந்தாளருக்கும் தரட்டும். பதிவு விதிகளைச் சிறு மருந்தகமும் தாங்கும் அளவுக்கு மாநிலங்கள் எளிதாக்கட்டும். அதைச் செய்யாமல், ஏழைப் பெற்றோர் தடுப்பூசியில் அக்கறையற்றவர்கள் என்று பேச எவருக்கும் உரிமையில்லை.