எண்ணாமல் நடந்த பாதை

பணி ஓய்வு பெற்ற நாளிலிருந்து எங்கள் ஊர் அம்பாள் சந்நிதிப் பிராகாரத்தை நாள்தோறும் இருபத்தோரு முறை வலம் வருவது என் வழக்கம். பக்தி பாதி, இரத்த அழுத்தம் பாதி. கைப்பேசி என் அடிகளை எண்ணும். நான் சுற்றுகளை எண்ணுவேன். வங்கியில் முப்பத்தைந்து ஆண்டுகள் எண்ணியே பழகிய மனம், அம்பாள் திருமுன்னும் அதை விடுவதாக இல்லை. முழங்கால் வலியுள்ள என் மனைவி எப்போதும் சில சுற்றுகள் பின்தங்கியே வருவாள்.

சென்ற ஐப்பசித் தொடக்கத்தில், ஜப்பானின் நகோயா நகரில் பணிபுரியும் மகள் இல்லத்துக்குச் சென்றிருந்தோம். மருத்துவர் மாத்திரையின் அளவைக் கூட்டியிருந்த நேரம் அது. இரவில் உறக்கமும் சரியில்லை. “அப்பா, ஒரு நாள் காட்டுல குளிச்சிட்டு வரலாம்” என்றாள் மகள். அருவி ஏதோ இருக்கும் போலும் என்று துண்டை எடுத்து வைத்துக்கொண்டேன்.

துண்டுக்கு வேலையே இருக்கவில்லை. அங்கே குளிப்பது நீரில் அன்று, காட்டில். ‘ஷின்ரின்’ என்றால் காடு, ‘யோகு’ என்றால் குளியல். 1982-ஆம் ஆண்டு ஜப்பானிய வனத்துறை வழக்கிற்குக் கொண்டுவந்த சொல் அது. நகரத்தில் களைத்தவர்கள் மரங்களிடையே மெல்ல நடந்து, அமர்ந்து, மூச்சு விட்டுவிட்டுத் திரும்ப வேண்டும்; செய்ய வேண்டியது அவ்வளவே. அவ்வாண்டில் முதல் வனக்குளியல் நிகழ்ச்சி நடைபெற்ற அகசாவா காட்டுக்கே மகள் எங்களை அழைத்துச் சென்றாள். நகானோ மாநிலத்தில், கிசோ பள்ளத்தாக்கின் அகெமட்சு என்னும் சிற்றூரிலிருந்து மலையேறிச் செல்ல வேண்டும்.

நம் ஊரில் மரங்கள் இலையுதிர்ப்பது மாசி, பங்குனியில். அங்கே ஐப்பசியில். வழியெங்கும் மேப்பிள் மரங்கள் குங்குமம் கொட்டியதுபோல் சிவந்து நின்றன. ஆனால் அக்காட்டின் தலைமக்களாகிய ஹினோகி மரங்கள் எக்காலத்தும் பசுமையானவை. முந்நூறு ஆண்டு வயதுடைய அம்மரங்கள் கோயில் தூண்களைப் போல் நேராக மேலெழும்புகின்றன. கோட்டைகளும் நகரங்களும் கட்டுவதற்காக முன்பு மலைகளே மொட்டையாகிப் போனபின், 17-ஆம் நூற்றாண்டில் அப்பகுதியை ஆண்டவர்கள் வெட்டுவதற்குத் தடை விதித்தனராம். ஒரு ஹினோகி மரத்துக்கு ஒரு தலை என்று இன்றும் அங்கே அத்தடையை நினைவுகூர்கின்றனர். கொடிய சட்டந்தான். அதன் நிழலில்தான் நான் நின்றேன்.

இன்னொரு செய்தி என்னைச் சிலிர்க்க வைத்தது. சூரிய தேவியான அமதெரசு கோயில் கொண்டுள்ள ஈசே திருத்தலத்தை 20 ஆண்டுகளுக்கு ஒருமுறை முற்றிலும் புதிதாகக் கட்டுவது ஜப்பானியர் மரபு. 2013-இல் கட்டினார்கள், அடுத்தது 2033-இல். அதற்கான முதல் மரங்களை 2025 ஜூன் மாதம் இந்த அகெமட்சு ஊரின் காட்டில்தான் சடங்குகளோடு கோடரியால் வெட்டினார்கள். மரம் சாய்ந்தபின் அதன் நுனிக்கிளையை அடிக்கட்டையிலேயே நட்டு வணங்குவார்களாம். கொடிமரத்துக்கு மரம் வெட்டுமுன் அதில் வாழும் உயிர்களிடம் விடைபெறும் நம் ஸ்தபதிகள் நினைவுக்கு வந்தார்கள்.

மகள் விதித்த நிபந்தனை ஒன்றே ஒன்று: கைப்பேசி பையிலிருந்து வெளியே வரக்கூடாது. முதல் அரைமணி நேரம் மனம் தானாகவே அடிகளை எண்ணியது. பிறகு ஓர் ஓடையருகே அமர்ந்தோம். எலுமிச்சைத் தோலைக் கிள்ளியதுபோன்ற மணம், ஈர மண்ணின் மணம், நீரின் ஓசை. எழுந்து நடந்தபோது கணக்கு எங்கேயோ விட்டுப்போயிருந்தது. நிறைமாதக் கர்ப்பிணி எண்ணெய்க்குடம் சுமந்து நடப்பதுபோல் வலம் வரவேண்டும் என்று எத்தனையோ உபந்நியாசங்களில் கேட்டிருக்கிறேன். ஒருநாளும் அவ்வாறு நடந்ததில்லை. அன்று நடந்தேன். சக்கர நாற்காலியும் செல்லக்கூடிய சமமான பாதை அது. என் மனைவிக்கும் சிரமமில்லை.

“என்னங்க, முப்பத்தாறு வருஷத்துல இன்னிக்குத்தான் உங்க முதுகைப் பார்க்காம நடக்கறேன்” என்றாள். குறையாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குத்தான் உடனே பதில் வரவில்லை.

மருத்துவப் பயன் உண்டா என்று அன்பர்கள் கேட்பீர்கள். சிங் லீ என்னும் மருத்துவர் ஜப்பானில் இதனை ஆராய்ந்துள்ளார். மூன்று நாள்கள் காட்டில் தங்கி நடந்தவர்களின் இரத்தத்தில், நோயை எதிர்க்கும் ஒருவகை வெள்ளணுக்களின் செயல்திறன் கூடியிருந்தது. மரங்கள் வெளிவிடும் நறுமணப் பொருள்களும் அதற்கு ஒரு காரணம் என்பது அவர் கருத்து. ஆயினும் அந்தத் தொடக்க ஆய்வில் பங்கேற்றவர்கள் பன்னிருவரே. பன்னிரண்டு பேரின் கணக்கைப் பார்த்துப் பெருங்கடன் வழங்கும் வங்கி அதிகாரியாக நான் இருந்ததில்லை. எனவே மாத்திரையை யாரும் நிறுத்திவிட வேண்டா. அன்றிரவு நான் விடியும்வரை உறங்கினேன். அதுமட்டும் எனக்குத் தெரியும்.

பிள்ளைகளைக் காண அப்பக்கம் செல்லும் அன்பர்கள் ஐப்பசி பிறந்தவுடன் சென்றுவிடுவது நலம். குளிர்காலத்தில் அவ்விடத்தை மூடிவிடுகிறார்கள். ஆயிரம் மீட்டருக்கு மேற்பட்ட உயரமாதலால் காலையில் கம்பளிச் சால்வையும், வழுக்காத காலணியும் வேண்டும். சர்க்கரை உள்ளவர்கள் கையில் சிற்றுண்டி வைத்துக்கொள்ளுங்கள்.

ஊர் திரும்பியபின் கைப்பேசியை வீட்டிலேயே வைத்துவிட்டுக் கோயிலுக்குச் செல்கிறேன். அழுத்தம் சற்று இறங்கியிருக்கிறது. மருத்துவர் மாத்திரையை இன்னும் குறைக்கவில்லை. நேற்று பிராகாரத்தில் வில்வமரத்தடியில் சற்று உட்கார்ந்துவிட்டுப் புறப்படும்போது, எத்தனை சுற்று வந்தோம் என்று மனைவியைக் கேட்டேன். அவளுக்கும் தெரியவில்லை.