வேகத்தைக் கேட்காதீர்கள், பூட்டைக் கேளுங்கள்

பாரிஸில் இருக்கும் என் தங்கை மகன் ஒரு முறை ஊருக்கு வந்தபோது, தன் பழைய கையடக்கக் கருவியை என்னிடம் விட்டுப் போனான். "மாமா, உங்களுக்கு டைரி எழுதுற பழக்கம் உண்டே, இதுல எழுதுங்க" என்றான். பென்ஷன் தேதி, மாத்திரை வேளை, திதி, விலாசம் எல்லாம் இப்போது அதில்தான். ஒரு குறை மட்டும் இருந்தது. மெயில் பார்க்க முன்னறையில் கணினி முன் உட்கார வேண்டும். முதுகு வலிக்கிறது. கட்டிலில் சாய்ந்தபடி இந்தக் கருவியிலேயே பார்த்தால் என்ன என்று ஆசை வந்தது. அதற்குக் கம்பியில்லா அட்டை ஒன்று தனியாக வாங்கிச் செருக வேண்டுமாம்.

ஜூன் மாதம் மீஞ்சூரில் லோக்கல் பிடித்து, சென்ட்ரலில் இறங்கி, ரிச்சி தெருவுக்குப் போனேன். கடைப் பையனிடம் நான் கேட்ட கேள்வி ஒன்றுதான்: எது வேகம்? "இது 11 சார், அது 54. உங்க மெஷினுக்கு 11தான் செட் ஆகும்" என்றான். நாலாயிரத்துச் சொச்சம் கொடுத்து வாங்கி வந்தேன். நான் தவறான கேள்வியைக் கேட்டேன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

வீட்டில் அட்டை இணையவில்லை. எங்கள் மோடத்தில் போட்டிருந்த பூட்டின் பெயர் டபிள்யூபிஏ. அட்டைக்குத் தெரிந்ததோ டபிள்யூஈபி என்ற பழைய பூட்டு மட்டும். பக்கத்துத் தெருவில் பொறியியல் படிக்கும் பையனைக் கூப்பிட்டேன். அவன் பழைய பூட்டுக்கு மாற்றிப் பார்த்தான். அதற்கு 26 எழுத்தும் எண்ணும் கலந்த சாவியை அந்தச் சின்னக் குச்சியால் தட்ட வேண்டும். இரண்டு முறை தப்பாகப் போயிற்று. "தாத்தா, பாஸ்வேர்டையே எடுத்துட்டா உடனே கனெக்ட் ஆயிடும். இந்த ஊர்ல யாரு வந்து திருடப் போறாங்க?" என்றான். எடுத்தான். இணைந்தது. காபி கொடுத்து அனுப்பினேன்.

ஆறு வாரம் அப்படியே கிடந்தது.

2008 ஜூலை 26 அன்று ஆமதாபாத்தில் அடுத்தடுத்துக் குண்டுகள் வெடித்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வெடிப்பதற்குச் சில நிமிடங்கள் முன்பு தொலைக்காட்சி நிலையங்களுக்கு ஒரு மின்னஞ்சல் போயிருந்தது. அது நவி மும்பையில் குடியிருந்த ஓர் அமெரிக்கரின் வீட்டு இணைப்பிலிருந்து போனது என்று போலீஸ் கண்டுபிடித்தது. அவருடைய கம்பியில்லா இணைப்பு பூட்டில்லாமல் இருந்திருக்கிறது. யாரோ அதைப் பயன்படுத்திவிட்டுப் போயிருக்கிறார்கள். செப்டம்பரில் டில்லி வெடிப்பின்போதும் இதே கதை; இம்முறை மும்பை செம்பூரில் ஒரு நிறுவனத்தின் இணைப்பு.

பேப்பரைப் படித்துவிட்டு ஜன்னல் வழியே பார்த்தேன். எதிர் மாடியில் ஆறு பேர் வாடகைக்கு இருக்கிறார்கள். அத்திப்பட்டு, காட்டுப்பள்ளி பக்கம் கட்டுமான வேலைக்கு வந்தவர்கள். மாதத்துக்கொரு முகம் மாறும். அவர்களை நான் சந்தேகிக்கவில்லை, உழைக்க வந்த பிள்ளைகள். தெருவில் போகிற யார் வேண்டுமானாலும் என் பெயரில் எது வேண்டுமானாலும் அனுப்பலாம் என்ற நிலையை உண்டாக்கிய என்னைத்தான் சந்தேகிக்கிறேன். முப்பத்தைந்து வருடம் அரசாங்க முத்திரையை இழுப்பறையில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்குப் போனவன் நான். அந்த நான்தான் இணைப்பைத் திண்ணையில் போட்டு வைத்தேன்.

நிற்க. நான் பிள்ளையாக இருந்தபோது புதுச்சேரியில் எங்கள் பள்ளி வாத்தியார்கள் ரேடியோவை 'தே.எஸ்.எஃப்.' என்பார்கள். கம்பியில்லாத் தந்தி என்று அர்த்தம். பிறகு இந்த நாட்டில் வேலைக்கு வந்தபோது, வீட்டில் ரேடியோ கேட்கவே லைசென்ஸ் புத்தகம் வேண்டும். வருடா வருடம் தபாலாபீசில் பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். எண்பதுகளின் நடுவில்தான் அது ஒழிந்தது. இன்று நிலைமை தலைகீழ். 2005 ஜனவரியில் மத்திய அரசு, 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைக் குறைந்த சக்தியில் பயன்படுத்த உரிமம் தேவையில்லை என்று அறிவித்துவிட்டது. அன்று கேட்பதற்கு லைசென்ஸ்; இன்று ஒவ்வொரு வீடும் ஒரு சின்ன ஒலிபரப்பு நிலையம், லைசென்ஸே கிடையாது. நல்லதுதான். ஆனால் சர்க்கார் விட்ட பொறுப்பு நம் தலைமேல் வந்திருக்கிறது என்று கடைக்காரர் யாரும் சொல்வதில்லை.

"டபிள்யூஈபியும் பூட்டுதானே, அதையாவது போட்டுவிட்டுப் போகலாமே?" என்று கேட்கலாம். குமாஸ்தா பாஷையில் சொல்கிறேன். வெளியே போகும் ஒவ்வொரு பொட்டலத்துக்கும் அது ஒரு வரிசை எண் போட்டு, அந்த எண்ணையும் சாவியையும் கலந்துதான் பூட்டுகிறது. அதன் பதிவேட்டில் சுமார் 1 கோடியே 67 லட்சம் எண்கள்தான் உண்டு. கூட்டமான இணைப்பில் அவை சீக்கிரம் தீர்ந்து, பழைய எண்ணே திரும்ப வரும். ஒரே ரசீது எண்ணில் இரண்டு ரசீது இருந்தால் தணிக்கைக்காரர் என்ன செய்வார்? இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். திருடனும் அதையே செய்கிறான். எண்ணும் சாவியும் கலக்கிற முறையிலேயே கோளாறு இருப்பதை 2001-இலேயே அறிஞர்கள் காட்டிவிட்டார்கள். 2007-இல் ஜெர்மனியில் ஒரு நிமிடத்தில் திறந்து காட்டினார்கள். 2003-இல் டபிள்யூபிஏவும் 2004-இல் டபிள்யூபிஏ2-வும் வந்தபிறகும் பழைய அட்டையை விற்றார்கள். நாய் நுழையாமலிருக்கப் போடும் கொண்டி அது. ஒன்றுமில்லாததற்கு மேல், அவ்வளவுதான்.

இனி வேகத்துக்கு வருவோம். நம் நாட்டின 2004-ஆம் வருடக் கொள்கைப்படி அப்போது நொடிக்கு 256 கிலோபிட் இருந்தாலே அது பிராட்பேண்டாகக் கருதப்பட்டது. என் வீட்டுக்கு வந்தது அதுதான். 54 மெகாபிட் என்பது அதைப்போல் இருநூறு மடங்கு. அரை அங்குலக் குழாயில் வரும் தண்ணீரைப் பிடிக்க ஏரி மதகு எதற்கு? மலிவான புளூடூத்தே நொடிக்கு 700 கிலோபிட்டுக்கு மேல் தரும். என் கருவியில் அது உள்ளேயே இருந்தது. கணினியில் செருகும் குமிழுக்கு அப்போது முந்நூற்றைம்பது ரூபாய். அதன் எட்டுதூரம் பத்து மீட்டர்; எங்கள் முன்னறையிலிருந்து கட்டில்வரை ஆறு மீட்டர்கூட இல்லை.

புளூடூத்துக்கும் குறை உண்டு. கணினி ஓடிக்கொண்டிருக்க வேண்டும், கரண்ட் செலவு. 0000 என்ற எண்ணை மாற்றாமல் விட்டால் அதுவும் திறந்த வீடுதான். ஒரு முறை ஜோடி சேர்த்தபின் மற்றவர் கண்ணில் படாதபடி மறைத்துவைக்க வேண்டும். இவ்வளவும் என்னால் முடிந்தது.

"பக்கத்து வீட்டுக்காரன் நாலு மெயில் பார்த்தால் என்ன குறைந்துவிடும்? தண்ணீர்ப் பந்தல் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள்" என்றார் வாக்கிங் நண்பர். தர்மம் நல்லது. ஆனால் தண்ணீர்ப் பந்தலில் பானைக்குப் பக்கத்தில் ஓர் ஆள் உட்கார்ந்திருப்பார். ஆளில்லாத பானையை யாரும் வைப்பதில்லை.

எனக்குத் தீராத கோபம் வேறொன்றில். அட்டையோடு வந்த கையேட்டை ஆகஸ்டில்தான் பிரித்தேன். அதில் எட்டு மொழிகள். பொடி எழுத்தில் பிரெஞ்சுப் பகுதியில் தெளிவாக இருந்தது: 'ஷிஃப்ருமான்' என்ற தலைப்பில், டபிள்யூஈபி மட்டும் என்று. நான் படித்த பள்ளியால் எனக்கு அது புரிந்தது. தமிழ் அந்த எட்டில் இல்லை. சென்னையில் விற்கிற பொருளுக்குள் பாரிஸ்காரனுக்கு எச்சரிக்கை இருக்கிறது, மீஞ்சூர்க்காரனுக்கு இல்லை. பெட்டியின் முகப்பில் 11 என்று கட்டை விரல் அளவுக்கு அச்சடித்தவர்கள், பூட்டின் பெயரை அதில் பாதி அளவிலாவது, தமிழில் போடக்கூடாதா? மாத்திரைப் பட்டையில் காலாவதித் தேதி போடச் சொல்கிற சட்டம், இதற்கும் ஒரு வரி எழுதலாம்.

அதுவரை, கடைக்குப் போகிறவர்கள் இந்த வரிசையில் கேளுங்கள். என் கருவிக்கு இது பொருந்துமா? டபிள்யூபிஏ2 உண்டா? புளூடூத்திலேயே என் வேலை முடியுமா? வேகம் கடைசிக் கேள்வி. இரண்டாவது கேள்விக்குக் கடைக்காரர் விழித்தால் வெளியே வந்துவிடுங்கள்; ரிச்சி தெருவில் அடுத்த கடை பத்தடியில் இருக்கிறது.

நாலாயிரத்துச் சொச்ச ரூபாய் அட்டை மேஜை இழுப்பறையில் இருக்கிறது. கடையில் திருப்பி எடுக்கவில்லை. மோடத்தில் புதுப் பூட்டு போட்டாகிவிட்டது. பொறியியல் பையன் வந்து, "எதுக்கு தாத்தா இவ்வளவு பெரிய பாஸ்வேர்டு?" என்றான். அவனுக்கும் சொல்லவில்லை.