கருணையல்ல, உழைத்த காசு

ஆட்குறைப்பு செய்யும்போது நிறுவனம் கொடுக்கும் இழப்பீட்டை நம் வீடுகளில் எப்படிக் குறிப்பிடுகிறோம்? "போகும்போது கம்பெனி ஏதோ கொடுத்து அனுப்பிச்சு" என்கிறோம். அந்த 'ஏதோ' என்ற சொல்லில்தான் நம் தோல்வி தொடங்குகிறது என்பது என் கருத்து. முதலாளி மனம் வைத்தால் கொடுப்பார், மனம் மாறினால் மறுப்பார், வற்புறுத்திக் கேட்பது நன்றிகெட்ட செயல் என்ற எண்ணம் அச்சொல்லுக்குள் ஒளிந்திருக்கிறது. உழைத்துச் சேர்த்த உரிமை இப்படித்தான் தர்மக் கணக்கில் எழுதப்பட்டுவிடுகிறது.

இந்த எண்ணம் நேற்று வந்ததன்று. தோட்டத்தில் வீடும் வேலையும் துரை கொடுத்தவை. கோயில் திருவிழாவுக்கு விடுமுறையும் அவர் கொடுத்ததே. சுதந்திரத்திற்குப் பின் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது, பல தலைமுறை உழைத்தவர்கள் வேலையோடு வீட்டையும் இழந்தார்கள். அந்த அவலத்தைக் கண்டுதான் துன் வீ. தி. சம்பந்தன் 1960ஆம் ஆண்டு தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டத்தைவிட்டு நாம் தொழிற்சாலைக்கு வந்துவிட்டோம். ஆனால் துரையிடம் கைகட்டி நின்ற பழக்கம் மட்டும் நம்மோடு பேருந்து ஏறி வந்துவிட்டது.

இதை நான் ஏட்டில் படித்து எழுதவில்லை. என் அப்பா கெடாவில் ஒரு தொழிற்சாலையில் 17 ஆண்டுகள் வேலை செய்தவர். 2020ஆம் ஆண்டு பெருந்தொற்றுக் காலத்தில் ஆட்குறைப்பு அறிவிப்பு வந்தது. கூட்டம் கூட்டி, "ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு மாதச் சம்பளம் தருவோம், கவலைப்படாதீர்கள்" என்றார் மானேஜர். அப்பாவின் சம்பளம் 1,800 ரிங்கிட். கணக்குப் போட்டால் 30,600 ரிங்கிட். வீட்டுக் கடனை அடைத்துவிடலாம் என்று அம்மா நிம்மதிப் பெருமூச்சு விட்டார்.

மூன்று வாரம் கழித்து வேறொரு கடிதம் வந்தது. நிறுவனம் நட்டத்தில் இருக்கிறதாம். முன்பு சொன்னதைக் கொடுக்க இயலாதாம். இணைத்திருக்கும் தாளில் கையெழுத்திட்டால் நல்லெண்ண அடிப்படையில் 3,000 ரிங்கிட் கிடைக்குமாம். அப்பா தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்புவரை படித்தவர். மலாய் நன்றாகப் பேசுவார். அலுவலக மலாய் அவருக்குப் பிடிபடாது. நான் அப்போது படிவம் ஐந்தில் இருந்தேன். அந்தத் தாளை வாங்கி வரிவரியாகப் படித்தேன். 'பெர்லெத்தாக்கான் ஜவாத்தான் செச்சாரா சுக்காரேலா' என்றிருந்தது. அதாவது, அப்பா தாமாகவே விரும்பி வேலையை விடுகிறாராம்!

அந்த ஒரு வரியின் விலை என்ன தெரியுமா? 1980ஆம் ஆண்டின் ஆட்குறைப்பு இழப்பீட்டு விதிமுறைகளின்படி, தீபகற்ப மலேசியாவில் குறைந்தது 12 மாதம் தொடர்ந்து வேலை செய்தவருக்கு இழப்பீடு உண்டு. இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்திருந்தால் ஆண்டுக்கு 10 நாள் சம்பளம்; இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் என்றால் 15 நாள்; ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் என்றால் 20 நாள். வேலை முடிந்த ஏழு நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். அப்பாவுக்கு இது 340 நாள் சம்பளம், ஏறக்குறைய 20,000 ரிங்கிட். ஆனால் தாமாக விலகியவருக்கு இந்த விதியில் ஒரு காசும் இல்லை. இதனால்தான் அந்தத் தாள் அவ்வளவு அன்போடு நீட்டப்பட்டது.

அப்பா கையெழுத்திடவில்லை. தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுத்தார். வழக்கறிஞர் வைத்துக்கொள்ள வசதியில்லை. அங்கே அது தேவைப்படவுமில்லை. சம்பளச் சீட்டுகள், வேலை நியமனக் கடிதம், ஊழியர் சேமநிதிக் கணக்கறிக்கை ஆகியவற்றை ஒரு பழைய காலண்டர் உறையில் போட்டு எடுத்துக்கொண்டு போனோம். பல மாதம் அலைந்தபின், சட்டம் சொன்ன தொகை தவணை முறையில் வந்து சேர்ந்தது. மானேஜர் வாயால் சொன்ன மீதிப் பத்தாயிரம் வரவில்லை. அதற்கு எழுத்தில் ஆதாரம் இல்லை. கையெழுத்திட்ட சக தொழிலாளர்களோ, தாங்கள் விரும்பி விலகவில்லை என்பதை நிறுவ வேண்டிய நிலைக்குத் தள்ளப்பட்டார்கள். "முதலாளி பாவம், இத்தனை வருஷம் சோறு போட்டவர்" என்று சொல்லிச் சிலர் புகார் கொடுக்கவே மறுத்துவிட்டார்கள். யார் யாருக்குச் சோறு போட்டார்கள் என்று நாம் என்றாவது சிந்தித்திருக்கிறோமா?

நிறுவனங்களும் அந்த ஆண்டு தத்தளித்தன என்று சிலர் வாதிடலாம். உண்மைதான். பெருந்தொற்றில் கடையை மூடிய சிறு முதலாளிகளை நானும் அறிவேன். ஆனால் நட்டம் என்பது சட்டப்படியான இழப்பீட்டைத் தள்ளுபடி செய்யும் காரணமன்று. உண்மையிலேயே கையில் பணம் இல்லையென்றால் தொழிலாளர்களை அழைத்துக் கணக்கைக் காட்டித் தவணை பேசலாம். நம்மவர்கள் அதை ஏற்காத கல்நெஞ்சர்கள் அல்லர். ஆட்குறைப்பை விருப்ப விலகலாக மாற்றி எழுதுவதற்குப் பெயர் சிரமமன்று, தந்திரம்.

ஆகவே நாம் இரண்டைப் பிரித்தறிய வேண்டும். சட்டம் கொடுத்தது ஒன்று; முதலாளி வாக்குக் கொடுத்தது மற்றொன்று. முதலாவதை யாராலும் திரும்பப் பெற இயலாது. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தைவிடக் குறைவான ஒப்பந்த நிபந்தனை செல்லாது என்று அச்சட்டமே கூறுகிறது. இரண்டாவது, எழுத்தில் இருந்தால்தான் உயிரோடு இருக்கும். அதனால் வாக்குறுதி கேட்ட அன்றே கடிதம் கேளுங்கள். கடிதம் தர மறுத்தால், "இன்று தாங்கள் கூறியது இது" என்று நாமே எழுதி அனுப்பி ஒரு பிரதி வைத்துக்கொள்ளலாம். நாள் கணக்கும் முக்கியம். நியாயமின்றி நீக்கப்பட்டு மீண்டும் வேலை கோருபவர் தொழில் உறவு இலாகாவில் 60 நாளுக்குள் முறையிட வேண்டும். பெர்கேசோவின் வேலைக் காப்புறுதிக்கும் 60 நாள்தான். அது 2018 முதல் நடப்பில் உள்ள தனித் திட்டம்; "அங்கே போய் வாங்கிக்கொள்" என்று நிறுவனம் தன் பொறுப்பைத் தட்டிக்கழிக்க முடியாது.

இது தொழிற்சாலைக்காரர்களின் கதை, பட்டதாரிகளுக்கு என்ன என்று எண்ணும் நண்பர்களுக்கும் ஒரு சொல். 2023ஆம் ஆண்டு ஜனவரி முதல் வேலைச் சட்டம் எல்லாச் சம்பளக்காரர்களுக்கும் விரிவாக்கப்பட்டது. ஆயினும் பொதுவாக மாதம் 4,000 ரிங்கிட்டுக்கு மேல் சம்பளம் வாங்கும் அலுவலக ஊழியருக்கு மேற்கூறிய 10, 15, 20 நாள் இழப்பீடு பொருந்தாது. நாளை குளிர்சாதன அறையில் உட்காரப்போகும் நமக்கு நியமனக் கடிதமே அரண். அதில் ஆட்குறைப்பு பற்றி ஒரு வரியும் இல்லாவிட்டால், கையெழுத்திடும் முன்பே கேட்பதுதான் அறிவுடைமை. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். பட்டம் வாங்கிய பிள்ளைக்கும் அதே விதிதான்.

தமிழ்ப்பள்ளி நமக்குத் தாய்மொழியைத் தந்தது. இடைநிலைப்பள்ளி நாட்டு மொழியைத் தந்தது. இந்த இரண்டு மொழிக்கும் நடுவில் நிற்கும் தலைமுறை நாம். நம் சங்கம் ஆண்டுதோறும் கலை இரவு நடத்துகிறது, பட்டிமன்றம் நடத்துகிறது, மகிழ்ச்சி. அதோடு மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சட்டத்துறை மாணவர்கள் துணையோடு அருகிலுள்ள குடியிருப்புக்குச் சென்று, நம் மக்களுக்கு வந்திருக்கும் கடிதங்களைத் தமிழில் விளக்கிச் சொன்னால் என்ன? ஒரு மேசை, நான்கு நாற்காலி, இரண்டு மொழி தெரிந்த நால்வர் போதும். புரியாத தாளில் கையெழுத்திட்டு இருபதாயிரத்தை இழக்கும் ஓர் அண்ணனையாவது அந்த மேசை தடுத்து நிறுத்தும்.