குனிஞ்சு வாங்க மாப்ளே!

கோயமுத்தூர்ப் பக்கத்துப் பழைய வீடுகளுக்குப் பெண் பார்க்கப் போகும் இளைஞர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பெண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் நிலைப்படியைப் பாருங்கள். அஞ்சரை அடி உயரம் இருந்தாலே அதிகம். நிமிர்ந்து நடந்தால், நெற்றியில் எலுமிச்சம்பழம் சைஸ் புடைப்போடுதான் பஜ்ஜி சாப்பிட வேண்டியிருக்கும். ‘மாப்ளே, குனிஞ்சு வாங்க!’ என்று உள்ளேயிருந்து குரல் வரும். எப்போதும் இடித்த பிறகுதான் வரும்!

உள்ளே போனால் ஆசாரம். (டவுன் பாஷையில், ஹால்.) தொட்டிக்கட்டு வீடாக இருந்தால் நடுவில் வானம் பார்த்த தொட்டி, சுற்றி நாலு பக்கமும் ஓட்டுத் தாழ்வாரம். மழை பெய்தால் நாலு கூரைத் தண்ணீரும் தொட்டியில் வந்து விழும். வெயில் காலத்தில் வீட்டுச் சூடு தொட்டி வழியாக மேலே கிளம்பிப் போய்விடும். அந்த இடத்துக்கு வாசல் வழியே புதுக்காற்று வரும். கரண்ட் பில் இல்லாத ஏ.சி.!

சுவரைப் பாருங்கள். கல்லும் மண்ணும் வைத்துக் கனமாக எழுப்பி, மேலே சுண்ணாம்புப் பூச்சு. அந்தச் சுண்ணாம்பு சும்மா வந்ததில்லை. மணலோடு சேர்த்து, வட்டக் குழியில் மாடு பூட்டிய கல் சக்கரத்தால் அரைத்து, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் ஊற்றிப் பக்குவப்படுத்தியது. சூளையில் வேகும்போது சுண்ணாம்புக்கல் இழந்த கரியமில வாயுவை, பூச்சு காற்றிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப வாங்கிக்கொண்டு மறுபடியும் கல்லாகிறது. சிமென்ட் 28 நாளில் ஏறக்குறைய முழு பலத்துக்கு வந்துவிடும். சுண்ணாம்பு அரசாங்க ஃபைல் மாதிரி. மெதுவாகத்தான் நகரும், ஆனால் வருஷக்கணக்கில் இறுகிக்கொண்டே போகும்.

கூரை இன்னும் தமாஷ். நாட்டு ஓட்டைக் குயவர் ஓடாகச் செய்வதில்லை. சக்கரத்தில் குழாயாக வனைந்து, சுடுவதற்கு முன் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்துவிடுவார். 1865-ல் பாசல் மிஷன்காரர்கள் மங்களூரில் ஓட்டு ஃபாக்டரி போட்ட பிறகு தட்டையான மங்களூர் ஓடு வந்தது. இரண்டிலும் விசேஷம் ஒன்றே. ஓடு தன் எடையால்தான் உட்கார்ந்திருக்கிறது. ஒன்று உடைந்தால் அதை மட்டும் உருவிவிட்டு வேறு வைக்கலாம். கீழே மரவேலையும் அப்படியே. ஒரு மரத்தின் நாக்கை இன்னொன்றின் துளையில் செருகி, மர ஆணி அடித்திருப்பார்கள். வெளிநாட்டில் முழு மரங்களை அடுக்கி லாக் கேபின் கட்டினவர்களுக்கும் இந்தத் தந்திரம் தெரியும். முனையில் காடி வெட்டி ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார வைத்தால் இரும்பாணி வேண்டாம்.

ஆக, இந்த வீடுகள் கழற்றி மாட்டுவதற்கென்றே கட்டப்பட்டவை. அவை வயசாகிச் சாவதில்லை சார். பூட்டு போட்டால்தான் சாகின்றன!

சாட்சி வேண்டுமா? நம் கோயமுத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன், 1822-ல் ஊட்டியில் ஒரு கல் வீடு கட்ட ஆரம்பித்தார். அங்கே ஐரோப்பியர் கட்டிய முதல் வீடு. ஜனங்கள் ‘கல் பங்களா’ என்றார்கள். 200 வருஷம் தாண்டியும் நிற்கிறது. காரணம், அதில் யாராவது ஒருத்தர் புழங்கிக்கொண்டே இருந்ததுதான். இப்போது அது அரசு கலைக் கல்லூரியின் கையில்.

நான் பி.காம். எனக்கு வீடு என்றால் தேய்மானம்தான் ஞாபகம் வரும். குடியிருப்புக் கட்டடத்துக்கு வருமான வரிக் கணக்கில் வருஷத்துக்கு 5 சதவீதம். ஒரு லட்ச ரூபாய் வீடு 100 வருஷத்தில் 592 ரூபாய்க்கு இறங்கிவிடும். காங்கேயம் பக்கத்தில் என் அம்மிச்சியின் வீட்டுக்கு அதுதான் கணக்குப்படி விலை. போன வருஷம் வந்த பழைய சாமான் வியாபாரி, தலைவாசல் கதவுக்கு மட்டும் 60,000 ரூபாய் தருகிறேன் என்றார். ஏதோ ரெஸ்டாரெண்ட் முகப்புக்காம். தூண்களுக்குத் தனி ரேட்.

மாமன் மகன்கள் மூன்று பேரும் பெங்களூரில். ‘ஒழுகற வீட்டை வெச்சுட்டு என்ன பண்றது மாப்ளே, குடுத்தர்லாம்’ என்றார்கள். அம்மிச்சி ஒரே கேள்விதான் கேட்டாள். ‘கதவக் குடுத்துப்போட்டு நான் எதச் சாத்தீட்டுப் படுக்கறது சாமி?’

அத்தையின் கட்சி வேறு. ‘அழகா இருக்குதுன்னு போட்டோப் புடிக்கறவீகள வந்து ஒரு வாரம் சாணி போட்டு வழிச்சு உடச் சொல்லு!’ நியாயம்தான். இருட்டு சமையல்கட்டு, ராத்திரியில் டார்ச் எடுத்துக்கொண்டு கொல்லைக்கு ஓட வேண்டிய கஷ்டம், எல்லாம் பெண்கள் தலையில்தான் விடிந்தது. இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். இப்படிப்பட்ட வீடுகளுக்குக் கல் உடைத்தவர்கள், மண் குழைத்தவர்களில் பலர், வேலை முடிந்ததும் திண்ணையைத் தாண்டி உள்ளே வந்திருக்க முடியாது. கட்டியவர் பேர் எந்தத் தூணிலும் இல்லை. சமையல்கட்டுக்கு ஜன்னல் வைக்கலாம், டாய்லெட்டை உள்ளே கொண்டுவரலாம். பழைய வீட்டோடு பழைய வழக்கத்தையும் காப்பாற்ற வேண்டும் என்று யார் சொன்னது?

ஓடு மாற்றுகிறவரைத் தேடிப் பிடித்தோம். எழுபதைத் தாண்டியவர். பூனை மாதிரி ஏறி, பத்து நிமிஷத்தில் மேலேயிருந்தே தீர்ப்பு சொன்னார். ‘ஓடு கெடலீங் தம்பி. ஆறு வருசமா ஆளு ஏறுலீங், அதான் கெட்டுப்போச்சு.’ சருகு அடைத்து, தண்ணீர் எதிர்த்து ஏறி, வரிச்சுக் கட்டையில் நாலு உளுத்திருந்தன. அவ்வளவுதான் சமாச்சாரம். இரண்டு நாள் கூலி, நூத்திச் சொச்சம் பழைய ஓடு, கணக்கில் வராத டீ. அந்த ஐப்பசி மழைக்கு ஆசாரத்தில் ஒரு சொட்டு விழவில்லை.

‘அடுத்த வருசமும் வந்துருங்க’ என்றேன். முழங்காலைத் தட்டிக் காட்டிச் சிரித்தார். மூத்த மகன் திருப்பூரில் பனியன் கம்பெனி, சின்னவன் வேன் ஓட்டுகிறான். இருவருமே ஏணியில் கால் வைத்ததில்லை. கல்லும் மரமும் காசு கொடுத்தால் கிடைக்கும். எந்த ஓட்டை எந்த ஓட்டின்மேல் எவ்வளவு ஏற்றி வைப்பது என்பது அவர் கையோடு போய்விடும்.

வீட்டை விற்பதா என்பது தை மாசத்துக்குத் தள்ளிப்போனது. தையில் சித்திரை என்றார்கள். இன்றுவரை ‘பாக்கலாம்’தான். இதற்கு நடுவில் ஒன்று நடந்தது. கீழே நின்று ஓடு எடுத்துக் கொடுத்த பெரிய மச்சானின் பையன், இன்ஜினியரிங் முடித்து வேலை தேடுகிறவன், இரண்டாம் நாள் மேலே ஏறிவிட்டான். முதலில் ஆறு ஓட்டை உடைத்தான். சாயங்காலத்துக்குள் ஒரு வரிசையைத் தனியாக வேய்ந்துவிட்டான்!

உங்கள் ஊரிலும் பூட்டிக்கிடக்கிற வீடு ஒன்று இருக்கும். ஐப்பசிக்கு முன்னால் ஒரு சனி, ஞாயிறு போய் வாருங்கள். ஓட்டுக்காரர் நம்பரை வாங்கிக்கொள்ளுங்கள். முடிந்தால் ஒரு இளவட்டத்தையும் அவரோடு ஏற்றிவிடுங்கள். லீவுக்குப் பொய் சொல்லவும் வேண்டாம். ‘வீடு ஒழுகுது சார்’ என்று உண்மையைச் சொன்னால் மேனேஜர் உடனே சாங்ஷன் செய்துவிடுவார். போன வருஷம்தான் வாங்கிய அவருடைய புது அபார்ட்மெண்டிலும் அதே கதைதான்!