சாலையைப் பற்றிக் கேட்கும்போது நோயாளியும் பேச வேண்டும்

மருத்துவமனைக்கு வருவோரிடம், "உடம்புக்கு என்ன செய்கிறது?" என்று கேட்கப் பழகியிருக்கிறோம். "எப்படி வந்தீர்கள்?" என்று கேட்பது அரிது. ஆனால் அந்த இரண்டாவது வினாவுக்குக் கிடைக்கும் விடை, சில நேரங்களில் முதல் வினாவுக்கான விடையையும் தெளிவாக்கிவிடுகிறது. இரத்த அழுத்த மாத்திரை தீர்ந்து பல நாள் கழித்து வரும் முதியவர், புற்றுநோய் மருந்தேற்றத்துக்குக் குறித்த நாளைத் தவறவிடும் பெண், டயாலிசிஸ் முடிந்தும் வீடு திரும்ப அஞ்சிக் கூடத்திலேயே அமர்ந்திருக்கும் இளைஞர் ஆகியோரிடம் சற்றுப் பேசிப் பார்க்க வேண்டும். கவனக்குறைவு என்று நாங்கள் எண்ணியதன் பின்னால் பல முறை ஒரு பேருந்து இருக்கிறது: வராத பேருந்து, நிற்காத பேருந்து, அல்லது ஏற முடியாத பேருந்து.

உணவு, மருந்து, உடற்பயிற்சி பற்றிப் பேசும் இவ்விதழில் இம்முறை ஒரு சாலையைப் பற்றிப் பேச முன்வந்தது அதனால்தான்.

எங்களிடம் வருவோருள் பலர் ஈ.வெ.ரா. பெரியார் சாலை வழியாகவே வருகிறார்கள். முதியோர் இன்றும் அதைப் பூந்தமல்லி நெடுஞ்சாலை என்றே குறிப்பிடுகிறார்கள். சென்ட்ரல் நிலையத்துக்கு எதிரே இராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை இருக்கிறது. எழும்பூர்ப் பக்கம் திரும்பினால் மகப்பேறு மருத்துவமனையும் குழந்தைகள் மருத்துவமனையும் இருக்கின்றன. மேற்கே சென்றால் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், இடையிடையே தனியார் மருத்துவமனைகளும் ஆய்வுக்கூடங்களும் வருகின்றன. காஞ்சிபுரம், வேலூர்த் திசைகளிலிருந்து வருவோர் கோயம்பேட்டில் இறங்கி இச்சாலையைப் பிடிக்கிறார்கள். 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்ட பின், தென் மாவட்டத்து நோயாளிகள் பலர் நகரின் விளிம்பிலேயே இறங்கி, அங்கிருந்து வேறு வண்டி மாறி வர வேண்டியிருக்கிறது. மருத்துவரைக் காணும் பத்து நிமிடங்களுக்காக ஒரு முழு நாளைச் செலவிடும் குடும்பங்கள் இச்சாலையில் நாள்தோறும் பயணம் செய்கின்றன.

இத்தகைய பெருஞ்சாலைகளில் பேருந்துப் பயணத்தை எப்படி மேம்படுத்தலாம் என்று மக்களிடமே கருத்துக் கேட்கும் வழக்கம் இப்போது நம் நகரிலும் வளர்ந்து வருகிறது. 2010ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் உருவான சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம், பேருந்து, ரயில், மெட்ரோ, நடைபாதை ஆகியவற்றைச் சேர்த்துத் திட்டமிடும் பொறுப்பை ஏற்றிருக்கிறது. சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமமும் மூன்றாம் முழுமைத் திட்டத்துக்காக மக்களின் கருத்தைக் கேட்டது. இது வரவேற்கத்தக்க மாற்றம். ஆயினும், இத்தகைய கேள்விகளுக்கு யார் விடையளிக்கிறார்கள் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். கைப்பேசியில் படிவம் நிரப்பத் தெரிந்தவர், மாலை நேரக் கூட்டத்துக்கு வரும் வலிமை உள்ளவர், எதிர்ப்பைத் தெரிவிக்க வழியறிந்தவர் ஆகியோரே பெரும்பாலும் பேசுகிறார்கள். வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் இயந்திரத்தோடு நான்கு மணிநேரம் பிணைந்திருப்பவர் எந்தக் கூட்டத்துக்குப் போவார்? அவரை அழைத்து வரும் மனைவிக்குத்தான் எந்த மாலை ஓய்வாக இருக்கிறது?

பேசாதவர்களுக்கு நேரும் இழப்புக்கு டெல்லி ஒரு சான்று. அங்கே 2008இல் அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த் வரை 5.8 கிலோமீட்டருக்குப் பேருந்துகளுக்கென்று தனிப்பாதை அமைக்கப்பட்டது. பேருந்தில் சென்றவர்களின் எண்ணிக்கை பெரிது. காரில் சென்றவர்களின் குரல் பெரிது. திட்டத்துக்கு எதிரான வழக்கை 2012இல் டெல்லி உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஆனாலும் எதிர்ப்பு ஓயவில்லை. 2016இல் அப்பாதை அகற்றப்பட்டது. அதன் வடிவமைப்பிலும் குறைகள் இருந்தன. நிறுத்தங்கள் சாலையின் நடுவே அமைந்திருந்ததால், பயணிகள் ஒவ்வொரு முறையும் ஓடும் வண்டிகளுக்கு இடையே சாலையைக் கடக்க வேண்டியிருந்தது. பேருந்துக்கு வழி செய்தவர்கள், பேருந்தை அடைவதற்கான வழியை அதே அளவு எண்ணிப் பார்த்திருந்தால், அத்திட்டத்தைக் காக்க முன்வந்தோரும் மிகுந்திருப்பார்கள்.

எங்கள் நிலையைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். இச்சாலையில் பேருந்துகளுக்கு முன்னுரிமை வேண்டும். ஒரு பேருந்தில் அறுபது பேர் செல்லலாம். காருக்கு இருவராகச் சென்றால் அதே அறுபது பேருக்கு முப்பது கார்கள் தேவை. நெரிசல் மிக்க நேரத்தில் சாலையின் ஒரு தடத்தைப் பேருந்துக்கு ஒதுக்குவது, பெரும்பான்மையோருக்குச் செய்யும் நியாயம். அத்தடத்தில் 108 ஆம்புலன்சும் தடையின்றிச் செல்லலாம் என்பது கூடுதல் நன்மை. சாலைக்கு அடியில் மெட்ரோ ஓடுகிறதே என்று சிலர் கேட்கலாம். மெட்ரோ பலருக்கு உதவியாக இருப்பதை நாங்கள் அறிவோம். ஆனால் அது ஏறத்தாழக் கிலோமீட்டருக்கு ஒரு முறைதான் நிற்கிறது. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கிடைத்துவரும் கட்டணமில்லாப் பயணமும் அதில் இல்லை. எங்களிடம் வரும் ஏழைக் குடும்பங்களுக்கு ஊர்தி என்றால் இன்றும் பேருந்துதான்.

ஆனால் பேருந்து விரைவாகச் செல்வதை மட்டும் மேம்பாடு என்று கொண்டால், நோயாளி அதில் விடுபட்டுப் போவார். இதை ஒரு கணக்கால் விளக்குகிறோம்.

இதய, நுரையீரல் நோயாளிகளுக்கு ஆறு நிமிட நடைச் சோதனை என்ற ஒன்றைச் செய்வதுண்டு. சமதளமான தாழ்வாரத்தில் ஆறு நிமிடங்களில் ஒருவரால் எவ்வளவு தொலைவு நடக்க முடிகிறது என்று அளப்பதே அது. நலமுடைய பெரியவர்கள் 400 முதல் 700 மீட்டர் வரை நடப்பார்கள். நோய் முற்றியவர்கள் பலரால் 300 மீட்டரைக் கூடத் தாண்ட முடிவதில்லை. இனி சாலைக்கு வருவோம். பேருந்தை விரைவுபடுத்த எளிய வழி, நிறுத்தங்களைக் குறைப்பது. ஒவ்வொரு நிறுத்தத்தை நீக்கும்போதும் ஏறக்குறைய அரை நிமிடம் மிச்சமாகலாம். நிறுத்தங்கள் 400 மீட்டருக்கு ஒன்றாக இருக்கும் சாலையில், மருத்துவமனை வாயிலில் உள்ள நிறுத்தத்தை நீக்கினால், நோயாளி 400 மீட்டர் நடக்க வேண்டும். ஆறு நிமிடத்தில் 300 மீட்டர் நடப்பவருக்கு அது எட்டு நிமிட நடை. அதுவும் தாழ்வாரத்தில் நடந்தால்தான் எட்டு நிமிடம். வெயிலிலும், உடைந்த நடைபாதையிலும், நிறுத்தி வைத்த இருசக்கர வண்டிகளுக்கு இடையிலும் நடக்கும்போது எத்தனை நிமிடம் ஆகும் என்பதையும், எத்தனை முறை மூச்சு வாங்க நிற்க வேண்டும் என்பதையும் உடன் வருவோர் அறிவார்கள்.

பேருந்தில் இருக்கும் அறுபது பேருக்கும் அரை நிமிடம் மிச்சமாவது சிறிய நன்மை அன்று. அதை நாங்கள் மறுக்கவில்லை. நெருக்கமாக உள்ள நிறுத்தங்கள் சிலவற்றை ஒன்றிணைக்கலாம். ஆனால் அந்த அரை நிமிடத்தை மருத்துவமனை வாயிலில் மிச்சப்படுத்தலாகாது. அங்கே மிச்சமாகும் நேரத்தின் விலையை, அந்தப் பேருந்திலேயே மிகவும் மெலிந்தவர் செலுத்துகிறார்.

ஆகவே, இச்சாலை குறித்துக் கருத்துக் கேட்கப்படும்போதெல்லாம் நான்கு கோரிக்கைகளை முன்வைக்க எண்ணியிருக்கிறோம்.

முதலாவது, மருத்துவமனைகளின் முன் உள்ள நிறுத்தங்கள் இருக்கும் இடத்திலேயே இருக்க வேண்டும். அங்கே நிழலும் சாய்ந்து அமர இருக்கையும் வேண்டும். நிறுத்தத்துக்கு உரிய இடத்தில் ஆட்டோக்களும் கார்களும் நிற்கலாகாது. அவை நின்றால் பேருந்து நடுச்சாலையிலேயே நிற்கிறது. அறுவை சிகிச்சை முடிந்து சில நாள்களே ஆனவர் வண்டிகளுக்கு இடையே இறங்க நேரிடுகிறது.

இரண்டாவது, சாலையைத் தரைமட்டத்திலேயே கடக்க வழி வேண்டும். வரும்போது வாயிலில் இறங்குபவர், திரும்பும்போது எதிர்ப்பக்கம் சென்றுதான் பேருந்து ஏற வேண்டும். இதற்கு நடைமேம்பாலம் தீர்வாகாது. மேம்பாலத்துக்கும் சாலைக்கும் இடையே 5.5 மீட்டர் உயரம் விட வேண்டும். ஒரு படிக்கு 15 சென்டிமீட்டர் என்று கொண்டாலும் 36 படிகளுக்கு மேல் ஏறி, அத்தனையையும் இறங்க வேண்டும். மூட்டு வலியுள்ளவரும் நிறைமாதக் கர்ப்பிணியும் அதைத் தவிர்த்து, நடுத்தடுப்பின் இடைவெளியில் நுழைந்து கடக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்வதைவிட, சிக்னலுடன் கூடிய கடவையை அமைத்து, மெதுவாக நடப்பவரும் கடந்து முடிக்கும் அளவுக்குப் பச்சை விளக்கின் நேரத்தை நீட்டுவதே முறை.

மூன்றாவது, தாழ்தளப் பேருந்துகள் இச்சாலைக்கு முதலில் வர வேண்டும். மாநகர் போக்குவரத்துக் கழகம் 2024 ஆகஸ்டு முதல் தாழ்தளப் பேருந்துகளை இயக்கி வருகிறது. 2025 ஜூன் இறுதியில் 120 மின்சாரத் தாழ்தளப் பேருந்துகளும் சேர்ந்தன. இவற்றின் தளம் தரையிலிருந்து ஏறத்தாழ 400 மில்லிமீட்டர் உயரத்தில் இருப்பதால், படியேறாமல் உள்ளே செல்லலாம். சக்கர நாற்காலிக்குச் சாய்தளமும் உண்டு. ஆனால் பேருந்து நடைபாதையை ஒட்டி நின்றால்தான் அந்தச் சாய்தளத்தால் பயன் உண்டு. ஓட்டுநர் ஒட்டி நிறுத்த இடமும், நடத்துநர் சாய்தளத்தை விரிக்கும் வரை பொறுக்கும் மனமும் தேவை. பேருந்து நிறுத்தங்கள் மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்தும் வகையில் அமைய வேண்டும் என்பதை 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் கூறுகிறது. ஆகவே இது சட்டம் தந்த உரிமை.

நான்காவது, வேலை நடக்கும் காலத்திலும் நோயாளியை மறக்கலாகாது. சாலையைத் தோண்டும் மாதங்களில் நிறுத்தம் எங்கே மாற்றப்பட்டிருக்கிறது என்பதைப் பெரிய தமிழ் எழுத்துகளில் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். மருத்துவமனைகளுக்கும் தெரிவித்தால், மறுநாள் வரவேண்டியவரிடம் நாங்களே சொல்லி அனுப்புவோம்.

பிறரிடம் கோரிக்கை வைக்கும்போது எங்கள் பங்கையும் ஒப்புக்கொள்ள வேண்டும். புறநோயாளிகள் அனைவரையும் காலை எட்டு மணிக்கே வரச் சொல்வது மருத்துவமனைகளின் நெடுநாள் வழக்கம். அலுவலகமும் பள்ளியும் கல்லூரியும் பேருந்தை நிறைக்கும் அதே நேரத்தில், நிற்க முடியாதவர்களையும் நாங்களே அந்தக் கூட்டத்தில் தள்ளுகிறோம். மறுஆய்வுக்கு மட்டும் வருவோருக்குப் பதினொரு மணிக்குமேல் நேரம் ஒதுக்கினால், அவர்களுக்கு உட்கார்ந்து வர இடம் கிடைக்கும். பேருந்து நிறுத்தத்துக்கு மிக அருகில் உள்ள வாயிலைப் பாதுகாப்பு கருதிப் பூட்டி வைத்துவிட்டு, நோயாளியை வண்டி நிறுத்துமிடம் வழியாகச் சுற்றி வரச் செய்வதும் நம்மிடையே உள்ள குறைதான். இவற்றை மாற்ற எந்தக் குழுமத்தின் ஒப்புதலும் தேவையில்லை. எங்கள் நிர்வாகத்திடம் இவ்விரண்டையும் எழுத்தில் வைத்திருக்கிறோம்.

இனி, வாசகர்களாகிய உங்களிடம் ஒரு வேண்டுகோள். கருத்துச் சொல்வதற்குப் போக்குவரத்து அறிவு தேவையில்லை. உங்கள் பயணமே போதும். எந்த ஊரிலிருந்து வருகிறீர்கள், எத்தனை வண்டி மாறினீர்கள், எந்த நிறுத்தத்தில் எத்தனை நிமிடம் காத்திருந்தீர்கள், இறங்கிய இடத்திலிருந்து வாயிலுக்கு வர எவ்வளவு நேரம் ஆயிற்று, வழியில் எந்த இடம் அச்சம் தந்தது என்பவற்றை எழுதுங்கள். "பேருந்து வசதி சரியில்லை" என்று பொதுவாக எழுதினால், படிப்பவர் அதைக் கொண்டு எதையும் செய்ய முடியாது. "செவ்வாய்க்கிழமை காலை ஏழரை மணிக்கு வந்த பேருந்தின் படி உயரமாக இருந்ததால் என் தாயாரை இருவர் தூக்கி ஏற்றினர்" என்று எழுதினால், அதைப் படிக்கும் பொறியாளர் ஒரு படியின் உயரத்தை அளக்கத் தொடங்குவார்.

எழுத இயலாதோருக்காகப் புறநோயாளர் கூடத்தில், மருந்து வழங்குமிடத்துக்கு அருகே ஒரு பதிவேடு வைத்திருக்கிறோம். நீங்கள் சொல்லச் சொல்ல, சமூகப் பணியாளர்கள் உங்கள் சொற்களிலேயே எழுதிக்கொள்வார்கள். பெயரோ நோயின் விவரமோ வேண்டியதில்லை. திரட்டிய கருத்துகளை உரிய குழுமத்துக்கு அனுப்பி, வரும் பதிலை இவ்விதழிலேயே வெளியிடுவோம். பதில் வராவிட்டால் அதையும் வெளியிடுவோம்.

மருத்துவர் மருந்துச் சீட்டில் எழுதும் "ஒரு மாதம் கழித்து வரவும்" என்ற வரியை நிறைவேற்றுவது மருத்துவமனையின் கையில் மட்டும் இல்லை. அந்த ஒரு மாதத்துக்கும் அடுத்த சந்திப்புக்கும் இடையே ஒரு சாலை இருக்கிறது. அதைக் கடந்து வர முடிந்தவருக்கே சிகிச்சை தொடர்கிறது. அந்தச் சாலையைத் திருத்த விரும்புவோர் நம்மிடம் கருத்துக் கேட்கும்போது, நோயால் ஓய்ந்திருக்கிறோம் என்று வாளாவிருக்க வேண்டா. அடுத்த முறை வரும்போது, மருந்து வாங்கிய பின் ஐந்து நிமிடம் அந்தப் பதிவேட்டின் அருகே அமருங்கள்.